இரைச்சல் அதிகம், இழுவை இல்லை

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குப் போகும் மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. போடியைவிடப் போடிமெட்டு ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டைத் தாண்டினால் இடுக்கி மாவட்டம். பூப்பாறை, சாந்தன்பாறை என்று ஏலத்தோட்டங்கள் தொடங்கிவிடும்.

தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே கிளம்புகிறார்கள். கையில் தூக்குவாளி. ஜீப்பில் நெருக்கி உட்காரும் இடம். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகவும், லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி வழியாகவும் இப்படியே வண்டிகள் ஏறுகின்றன. சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டிகளும் இதே பாதைகளில்தான் போகின்றன. அரிசி, காய்கறி, உரம் மேலே போகும். ஏலக்காய், மிளகு கீழே வரும்.

வடக்கே பாலக்காடு எல்லையிலும் பிக்கப் வண்டிகளுக்கு ஓய்வில்லை. வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் வழியாக இளநீரும் தக்காளியும் தீவனமும் போய் வருகின்றன. அங்கே பாதை பெரும்பாலும் சமவெளி. ஆனால் பாலக்காட்டுக் கணவாயில் காற்று பலமாக வீசும். கோடையில் மண்ணும் தூசியும் பறக்கும். மன்னார்க்காட்டிலிருந்து அட்டப்பாடிக்குப் போகிற வண்டிக்கு மலையும் உண்டு.

இந்த வண்டிகளில் பல, பழையவை. பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு ஓடியவை. ஒரு நாள் வண்டி இப்படி ஆகிறது. நிற்கும்போது இன்ஜின் வேகமாகக் கத்துகிறது. மேடு ஏறும்போது இழுக்க மாட்டேன் என்கிறது.

"இன்ஜின் போச்சு. இறக்கித்தான் பார்க்கணும்" என்று யாராவது சொல்வார்கள். இன்ஜினை இறக்குவது பெரிய செலவு. வட்டிக்குக் கடன் வாங்கி அந்தச் செலவைச் செய்தவர்கள் உண்டு. செய்த பிறகும் வண்டி இழுக்காமல் நின்றதும் உண்டு. இன்ஜினில் கை வைக்கும் முன் பார்க்க வேண்டிய இடங்கள் பல இருக்கின்றன. அவற்றில் பாதியைப் பார்க்கக் காசே தேவையில்லை.

ஐடிலிங் என்றால் என்ன? இழுவை என்றால் என்ன?

வண்டி நிற்கிறது. கியர் நியூட்ரலில் இருக்கிறது. ஆக்சிலேட்டரில் கால் இல்லை. அப்போது இன்ஜின் தானாக ஓடும் வேகம்தான் ஐடிலிங். பழைய டீசல் பிக்கப் வண்டிகளில் இது பெரும்பாலும் நிமிடத்துக்கு 700 முதல் 850 சுற்று வரை இருக்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். இன்ஜின் சூடான பிறகுதான் இதைப் பார்க்க வேண்டும்.

சுமையோடு மேடு ஏறும் பலம்தான் இழுவை.

டீசல் வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்தால், டீசல் பம்பில் உள்ள ஒரு சிறிய லீவர் நகரும். லீவர் நகர்ந்தால் இன்ஜினுக்குப் போகும் டீசல் கூடும். காலை எடுத்தால் லீவர் பின்னால் வந்து ஒரு ஸ்க்ரூவில் முட்டி நிற்கும். அதுதான் ஐடிலிங் ஸ்க்ரூ. அதை உள்ளே திருப்பினால் லீவர் முழுதும் பின்னால் வராது. அப்போது ஐடிலிங் ஏறும்.

ஐடிலிங் ஏறுவதும் இழுவை குறைவதும் எதிரெதிரான குறைகள் போலத் தெரியும். ஒன்றில் வேகம் அதிகம். மற்றதில் பலம் குறைவு. ஆனால் இரண்டும் சேர்ந்து வந்தால், இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்கலாம். முதலில் அந்த ஒரு காரணத்தைத்தான் தேட வேண்டும்.

மலையில் கொஞ்சம் குறைவது இயல்பு

உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறையும். டர்போ இல்லாத பழைய இன்ஜின், 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். போடியில் நன்றாக இழுத்த வண்டி, போடிமெட்டில் சற்றுச் சோர்வாக ஏறுவது நோய் அல்ல. மூணாறு இன்னும் உயரம். அங்கே இன்னும் கொஞ்சம் குறையும்.

ஆகவே வண்டியை அதனோடுதான் ஒப்பிட வேண்டும். அதே பாதை, அதே சுமை, அதே வளைவு. போன மாதம் மூன்றாவது கியரில் ஏறிய மேட்டில் இந்த மாதம் இரண்டாவது கியர் தேவைப்பட்டால், ஏதோ குறை இருக்கிறது. சமவெளியிலும் இழுவை குறைந்திருந்தால், உயரத்தைக் காரணம் சொல்ல முடியாது.

இன்ஜின்தானா என்று முதலில் பாருங்கள்

பல நேரம் குறை இன்ஜினில் இருக்காது.

கிளச் தேய்ந்திருந்தால் இன்ஜின் கத்தும், வண்டி ஏறாது. ஓட்டுநர் "ஸ்பீடு ஏறுது, இழுவை இல்லை" என்பார். கேட்பவர் ஐடிலிங் குறை என்று நினைத்துக்கொள்வார். ஒரு கேள்வி கேட்டால் இது தெளிந்துவிடும். இன்ஜின் கத்துவது நிற்கும்போதா, மேடு ஏறும்போதா? மேடு ஏறும்போது மட்டும் என்றால் கிளச்சைச் சந்தேகப்பட வேண்டும். கருகிய வாடையும் வரும்.

கிளச்சைச் சோதிக்க ஒரு வழி உண்டு. வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கால் பிரேக்கையும் அழுத்துங்கள். மூன்றாவது கியரில் கிளச்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் திணறி நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளச் வழுக்குகிறது. ஒரு முறை செய்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் இருக்கிற கிளச்சும் கருகிவிடும்.

அடுத்தது பிரேக். பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் இன்ஜின் பாவம் என்ன செய்யும்? கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டு போங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒரு சக்கரம் மட்டும் அனல் அடித்தால், அங்கே பிரேக் பிடித்திருக்கிறது. டயரில் காற்றுக் குறைவு, அளவு மீறிய சுமை ஆகியவையும் இழுவையைத் தின்னும். அவை எல்லோருக்கும் தெரிந்தவையே.

ஒரு கேபிள், இரண்டு குறைகள்

ஆக்சிலேட்டர் பெடலையும் பம்பு லீவரையும் இணைப்பது ஒரு கம்பிக் கேபிள். அது ஓர் உறைக்குள் ஓடுகிறது. மழைநீர் உள்ளே போனால் துருப் பிடிக்கும். உறை மடங்கினாலும் கம்பி சிக்கும். பழைய கேபிளில் கம்பியின் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, முள்போல நிற்கும்.

சிக்கும் கேபிள் என்ன செய்யும்? காலை எடுத்தாலும் லீவரை முழுதும் திரும்ப விடாது. அதனால் ஐடிலிங் ஏறும். காலை முழுதும் மிதித்தாலும் லீவரை முழுதும் இழுக்காது. அதனால் இழுவை குறையும். இரண்டு குறைக்கும் ஒரே கேபிள்தான் காரணம்!

இதைப் பார்க்க இரண்டு பேர் போதும். இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். இது முக்கியம். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை முழுதும் மிதிக்கட்டும். இன்னொருவர் பானெட்டைத் திறந்து லீவரைப் பார்க்கட்டும். லீவர் கடைசி வரை போகிறதா? காலை எடுத்தால் 'டக்' என்று திரும்பி ஐடிலிங் ஸ்க்ரூவில் முட்டுகிறதா? லீவரை இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா? பெடலுக்கு அடியில் கால்மிதி மடங்கிக் கிடக்கிறதா? சாக்கைக் கால்மிதியாகப் போட்டுக்கொண்டு, "வண்டி இழுக்கலை" என்று அலைந்தவர்களும் இருக்கிறார்கள்.

சில பழைய ஜீப்புகளில் கையால் இழுத்து வைக்கும் ஆக்சிலேட்டர் குமிழ் ஒன்று இருக்கும். குளிரில் இழுத்துவிட்டு, உள்ளே தள்ள மறந்துவிடுவார்கள். அதையும் பாருங்கள்.

இப்போது கேபிளின் முனையை லீவரிலிருந்து கழற்றிவிட்டு, இன்ஜினை ஓட்டிப் பாருங்கள். ஐடிலிங் சரியாகிவிட்டால் குறை கேபிளில். அப்படியும் ஐடிலிங் ஏறியே இருந்தால், குறை ஸ்க்ரூவில் அல்லது பம்புக்குள்ளே. ஒரே சோதனையில் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஸ்க்ரூவைத் திருப்பியது யார்?

ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். பழைய டீசல் பிக்கப். கம்பத்திலிருந்து நெடுங்கண்டத்துக்குக் காய்கறி ஏற்றுகிறது. ஐடிலிங் ஏறியிருக்கிறது. இழுவையும் இல்லை. கேபிள் நன்றாக இருக்கிறது. ஓட்டுநர் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு வருகிறார். மெக்கானிக் வயதில் மூத்தவர்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு, தம்பி?"

"இழுவை இல்லாம ஒரு மாசம் ஆகுதுண்ணே. ஐடிலிங் ஏறினது பத்து நாளாத்தான்."

"அதுக்கு முன்னாடி ஐடிலிங் எப்படி இருந்துச்சு?"

"நிக்கவே நிக்காதுண்ணே. சிக்னல்ல, செக்போஸ்ட்ல எல்லாம் ஆஃப் ஆயிடும். வேற ஒருத்தர்தான் ஸ்க்ரூவைத் திருப்பி விட்டாரு. அப்புறம் ஆஃப் ஆகலை."

"காலையில ஸ்டார்ட் ஆகுதா?"

"அது பெரிய பாடுண்ணே. கைப்பம்பை அடிச்சு அடிச்சுத்தான் ஸ்டார்ட் ஆகுது."

"அப்ப ஏர் எடுக்குது. வா, டேங்கிலேருந்து பாத்துட்டு வருவோம்."

மெக்கானிக் இன்னும் ஒரு ஸ்பேனரைக்கூடக் கையில் எடுக்கவில்லை. மூன்று கேள்விகள் கேட்டார். எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று வரிசைப்படுத்திக்கொண்டார். முதலில் இழுவை குறைந்தது. பிறகு இன்ஜின் அடிக்கடி நின்றது. அதை மறைக்க யாரோ ஐடிலிங்கை ஏற்றி வைத்தார்கள். காய்ச்சல் வந்தவருக்குப் போர்வை போர்த்தியதுபோல. ஐடிலிங் ஏறியது நோய் அல்ல. மறைக்கப்பட்ட நோய் வேறே.

டேங்கிலிருந்து பம்பு வரை டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. இளநீரை உறிஞ்சுகுழல் வைத்துக் குடிப்பதைப் போலத்தான் இது. குழலில் கீறல் இருந்தால் என்ன ஆகும்? எவ்வளவு உறிஞ்சினாலும் காற்றுதான் வாய்க்கு வரும். ஆனால் கீறல் வழியாக இளநீர் வெளியே சொட்டாது. டீசல் பைப்பிலும் அப்படியே. ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கும். கிளாம்ப் தளர்ந்திருக்கும். ஆனால் தரையில் ஒரு சொட்டு டீசல்கூடத் தெரியாது. அதனால்தான் பலர் இதைக் கண்டுபிடிப்பதில்லை.

காற்று கலந்தால் இன்ஜின் ஏறி இறங்கி ஓடும். நிற்கும். சுமை ஏற்றினால் இழுக்காது. இரவில் வண்டி நிற்கும்போது, பைப்பில் உள்ள டீசல் டேங்குக்கே திரும்ப இறங்கிவிடும். அதனால் காலையில் ஸ்டார்ட் ஆகாது. மெக்கானிக் காலையைப் பற்றிக் கேட்டது இதற்காகத்தான்.

கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. பம்புக்கு முன்னால், டீசலைத் தாங்கும் ஒளிபுகும் ஹோஸ் ஒரு துண்டைச் சிறிது நேரத்துக்கு இணைத்து இன்ஜினை ஓட்டினால், குமிழிகள் ஓடுவது தெரியும். இன்னொரு வழியும் உண்டு. சுத்தமான கேனில் டீசல் எடுத்து, டேங்கின் பைப்புக்குப் பதிலாக அந்தக் கேனிலிருந்து இன்ஜினுக்குக் கொடுப்பது. கேனிலிருந்து ஓடும்போது நன்றாக இருந்தால், குறை டேங்கிலோ அதன் பைப்பிலோ இருக்கிறது. இன்ஜினை இறக்க வேண்டியதில்லை.

நம் எடுத்துக்காட்டில், டேங்குக்குப் பக்கத்தில் முழ நீளம் கூட இல்லாத ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தது. அதை மாற்றி, பைப்பில் இருந்த காற்றை எடுத்துவிட்டார்கள். இழுவை திரும்பியது. இன்ஜின் நிற்கவில்லை. ஆனால் ஐடிலிங் முன்னைவிட ஏறிவிட்டது! ஓட்டுநர் பயந்துபோனார். பயப்பட ஒன்றுமில்லை. திருப்பி வைத்த ஸ்க்ரூ அப்படியே இருந்தது. அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்ததும் எல்லாம் சரியானது. காரணத்தைச் சரி செய்த பிறகுதான் ஐடிலிங் ஸ்க்ரூவைத் தொட வேண்டும். முன்பே தொட்டால், குறை எங்கே என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

பம்பில் வேறு சில ஸ்க்ரூக்களும் உண்டு. அவற்றில் சிலவற்றுக்கு முத்திரை வைத்திருப்பார்கள். இழுவை வரட்டும் என்று அதை உடைத்துத் திருப்பக் கூடாது. டீசல் அளவுக்கு மேல் போய்ப் புகை தள்ளும். இன்ஜின் சூடேறிக் கெடும். அந்த ஸ்க்ரூக்களை, டீசல் பம்பு பழுது பார்க்கும் கடையில் மிஷினில் வைத்துத்தான் சரி செய்ய வேண்டும்.

டீசல் வரும் வழி

டேங்க் மூடியில் காற்று போக ஒரு சிறு துளை இருக்கும். சில வண்டிகளில் அதற்குத் தனிக் குழாய் இருக்கும். அது சேறால் அடைபட்டால், டீசல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் ஏற்படும். பம்பால் உறிஞ்ச முடியாது. வண்டி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நன்றாக ஓடும், பிறகு திணறும். கொஞ்ச நேரம் நிறுத்தினால் மறுபடி ஓடும். திணறும்போது நிறுத்தி மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், வண்டியும் உடனே இழுத்தால் நோய் தெரிந்துவிட்டது. மருந்து ஒரு ஊசியும் கொஞ்சம் தண்ணீரும்.

தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை இடுக்கியில் கொட்டும். அந்த மாதங்களில் டீசலில் தண்ணீர் சேர வாய்ப்பு அதிகம். பில்டரின் அடியில் தண்ணீரை வடிக்க ஒரு திருகு இருக்கும். அதைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் கனமானது. டீசலுக்கு அடியில் தனியாக நிற்கும். டீசல் மட்டும் வரும் வரை வடித்துவிட்டு மூடுங்கள்.

டீசல் பில்டர் அடைபட்டால் ஐடிலிங் சாதாரணமாகவே இருக்கும். நிற்கும்போது இன்ஜினுக்குக் கொஞ்சம் டீசல் போதும். மேட்டில் நிறைய வேண்டும், அப்போதுதான் பற்றாது. எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கும். மாற்றிய நாளையும் மீட்டர் எண்ணையும் பில்டரின் மேலேயே எழுதி வைத்தால், பிறகு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

காற்று வரும் வழி

பாலக்காடு எல்லையில் ஓடும் வண்டிக்கு முதல் சந்தேகம் ஏர் பில்டர் மேல்தான் வர வேண்டும். மண் சாலையில் ஒரு கோடை ஓடினால் போதும், அது மூடிக்கொள்ளும். காற்று குறைந்தால் டீசல் முழுதும் எரியாது. கறுப்புப் புகை வரும். இழுவை குறையும். பில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே தெரியும். ஆனால் பில்டர் இல்லாமல் வண்டியை ஓட்டக் கூடாது. தூசி உள்ளே போனால் இன்ஜின் நிஜமாகவே தேய்ந்துவிடும்.

சில பழைய டீசல் இன்ஜின்களில் இன்னும் ஒரு விஷயம் உண்டு. காற்றுக் குழாயிலிருந்து பம்பின் பின்பக்கத்துக்கு ஒரு மெல்லிய ரப்பர் குழாய் போகும். பம்புக்குள் ஒரு மெல்லிய தோல் திரை இருக்கும். ஐடிலிங்கில் அந்தக் குழாயின் உறிஞ்சும் வேகம் திரையை இழுத்து, டீசலைக் குறைத்து வைக்கும். குழாய் வெடித்தாலோ, திரை கிழிந்தாலோ, டீசலைக் குறைக்க ஆள் இல்லை. ஐடிலிங் தானாக ஏறும். கறுப்புப் புகையும் வரும். கேபிளும் ஸ்க்ரூவும் சரியாக இருந்து ஐடிலிங் மட்டும் ஏறினால், இப்படிப்பட்ட பம்பா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

டர்போ உள்ள வண்டி என்றால், டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் தடித்த ஹோஸைப் பாருங்கள். அது வெடித்தால் 'புஸ்' என்ற சத்தமும், கறுப்புப் புகையும், இழுவைக் குறைவும் சேர்ந்து வரும்.

புகை என்ன சொல்கிறது?

சுமையோடு மேடு ஏறும்போது பின்னால் வருபவர் பார்த்துச் சொல்லட்டும். கறுப்புப் புகை என்றால் காற்று குறைவு, அல்லது டீசல் அதிகம், அல்லது நாசில் சரியில்லை. புகையே இல்லாமல் இழுவையும் இல்லை என்றால், டீசல் போதுமான அளவு போகவில்லை. கேபிள், பில்டர், ஹோஸ் ஆகியவற்றைப் பாருங்கள். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால், டீசல் எரியாமல் வெளியே வருகிறது, அல்லது ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. நீலத்துக்கும் வெள்ளைக்கும் நல்ல மெக்கானிக் தேவை. இன்ஜினை இறக்கும் பேச்சு அங்கேதான் வர வேண்டும். அப்போதும் முதலில் கம்ப்ரஷனை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பெட்ரோலில் ஓடும் பழைய கார்புரேட்டர் ஜீப் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அதில் கார்புரேட்டருக்கு அடியில் உள்ள பேக்கிங் கெட்டாலும், அங்கே உள்ள ரப்பர் குழாய் வெடித்தாலும், வேண்டாத காற்று உள்ளே போகும். அங்கும் ஐடிலிங் ஏறும், இழுவை குறையும். புதிய வண்டிகளில் கேபிளே கிடையாது. பெடலிலிருந்து மின்கம்பி போகிறது. டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிந்தால், கம்ப்யூட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இறக்கத்தில் உயிர் ஆபத்து

இழுவை குறைந்தால் வேலை கெடும். ஐடிலிங் ஏறியிருந்தால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

மலை இறங்கும்போது சிறிய கியரில் வந்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக் கொடுக்கும். ஐடிலிங் ஏறிய வண்டியில் அந்தப் பிடி குறைந்துவிடும். காலை எடுத்தாலும் இன்ஜின் வண்டியைத் தள்ளும். ஓட்டுநர் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். பிரேக் சூடாகும். சூடான பிரேக் பிடிக்காது. போடிமெட்டிலோ குமுளியிலோ ஆட்களோடு இறங்கும் வண்டிக்கு இதைவிட மோசம் எதுவும் இல்லை. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். ஆனாலும் கூலி மிச்சம் என்று ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உட்கார இருக்கையும் இல்லை, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

எனவே ஐடிலிங் ஏறிய வண்டியை மலையில் இறக்காதீர்கள். டீசல் மிச்சம் என்று இன்ஜினை நிறுத்திவிட்டோ, நியூட்ரலிலோ எந்த வண்டியையும் இறக்காதீர்கள். பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இன்ஜின் ஓடினால்தான் கிடைக்கும். இன்ஜின் நின்றால், சில மிதிகளுக்குப் பிறகு பிரேக் பெடல் கல்லாகிவிடும்.

ஓடும்போது ஆக்சிலேட்டர் மாட்டிக்கொண்டால், கிளச்சை மிதித்து, பிரேக்கை அழுத்தமாகப் பிடித்து, மலைப் பக்கமாக ஒதுக்கி நிறுத்துங்கள். இன்ஜின் கத்தினால் கத்தட்டும். வண்டி நின்ற பிறகு இன்ஜினை நிறுத்துங்கள். சில பழைய வண்டிகளில் சாவியைத் திருப்பினால் இன்ஜின் நிற்காது. நிறுத்தும் குமிழை இழுக்க வேண்டும். அது வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள்.

பழுது பார்க்கும்போதும் கவனம் தேவை. மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட்ட வேண்டாம், புகை ஆளைக் கொல்லும். நாசிலுக்குப் போகும் இரும்புப் பைப்பில் கசிவு இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்க்க வேண்டாம். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம்

டேஷ்போர்டில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். டேங்கை நிரப்பும்போதெல்லாம் மீட்டரையும் லிட்டரையும் எழுதுங்கள்.

போன மாதம் 30 லிட்டரில் 360 கிலோமீட்டர் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். 360-ஐ 30-ஆல் வகுத்தால் 12. லிட்டருக்கு 12 கிலோமீட்டர். இந்த மாதம் அதே பாதையில் 30 லிட்டரில் 270 கிலோமீட்டர்தான். 270-ஐ 30-ஆல் வகுத்தால் 9. பழையபடி 360 கிலோமீட்டர் ஓட இப்போது 40 லிட்டர் வேண்டும். 10 லிட்டர் வீண். இன்றைய டீசல் விலையால் 10-ஐப் பெருக்கிப் பாருங்கள். இழுவை குறைந்ததைக் கால் உணரும் முன்பே நோட்டு சொல்லிவிடும்.

பட்டறையில் பில் கேளுங்கள். மாற்றிய பொருளின் பெயர், விலை, வேலைக்கூலி ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும். கழற்றிய பழைய பொருளையும் திருப்பிக் கேளுங்கள். அது உங்களுடையது. பிறகு நோட்டில் இப்படி எழுதுங்கள்:

12-ஆம் தேதி. மீட்டர் 1,84,320.
குறை: ஐடிலிங் அதிகம், இழுவை இல்லை, காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை.
செய்தது: டேங்க் பக்கம் ரப்பர் ஹோஸ் ஒன்று, கிளாம்ப் இரண்டு புதிது. காற்று எடுத்தாயிற்று.
ஐடிலிங் ஸ்க்ரூ: ஒன்றரைச் சுற்று வெளியே திருப்பி, லாக் நட் இறுக்கியது.
அடுத்து பார்க்க வேண்டியது: டீசல் பில்டர், 1,88,000-இல்.